சென்டர் ஸ்டாண்டு

நவம்பர் 25, திங்கள்

ரெஜினா மேடத்தின் புது உத்தரவு: ஆட்டம் பார்க்கும் நாங்கள் நால்வரும் மனதில் இருப்பதைத் தினமும் கொஞ்சமாவது எழுதிவைக்க வேண்டுமாம். கண்டதையும் பார்க்கிற வேலை, உள்ளே தங்கிவிடக் கூடாதாம். "யாருக்கும் காட்ட வேண்டாம் சுகந்தி, உங்களுக்காக எழுதுங்க" என்றார். மேடத்தை நான் நேரில் பார்த்ததே இல்லை. அவர் திருச்சி, நான் கோயம்புத்தூர். எனக்கு அவர் வெறும் குரல்தான், கண்டிப்பான டீச்சர் குரல்.

சரி, எழுதுவோம். ஆபீஸ் லேப்டாப்பில் எழுதுகிறேன். இதன் பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும். போன் அப்படியில்லை.

என் வேலையைச் சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். 'களிமண்' என்று ஒரு வீடியோ கேம். அதில் விளையாடுகிறவர்கள் தாங்களே குட்டி ஆட்டங்கள் செய்து ஏற்றலாம். அது ஊருக்குப் போகும் முன் எங்களில் ஒருவர் விளையாடிப் பார்க்க வேண்டும். தமிழில் செய்ததெல்லாம் எங்கள் நால்வருக்குத்தான் வரும். யார் செய்தது என்று காட்டாது. சிறுவர் என்றால் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும், அவ்வளவுதான். கெட்ட வார்த்தை, ரத்தம், போன் நம்பர் இருந்தால் திருப்பி அனுப்புவோம். நிஜமான ஆபத்து ஏதாவது தெரிந்தால் அழுத்த 'மேலே அனுப்பு' என்று சிவப்பு பட்டன் ஒன்று உண்டு. நான் இதுவரை அதைத் தொட்டதில்லை.

எனக்குப் பிடித்த விதி ஒன்று இருக்கிறது. ஆட்டத்தைச் செய்தவர் தானே ஒரு முறை விளையாடி ஜெயித்தால்தான் அதை அனுப்பவே முடியும். ஜெயிக்க முடியாததைக் கட்டிவிட்டு அடுத்தவரை அழவிடக் கூடாது அல்லவா!

இன்று வந்தவை: தோசை திருப்பும் ஆட்டம், எருமை பறக்கும் ஆட்டம், கணக்கு வாத்தியார் மேல் தக்காளி எறியும் ஆட்டம். கடைசியைத் திருப்பி அனுப்பினேன், மனசே இல்லாமல்.

ஹால் காலண்டரைக் கொஞ்சம் கீழே இறக்கி மாட்டினேன். அங்கேதான் பார்வையாக இருக்கிறது.

நவம்பர் 27, புதன்

"மத்த மூணு பேரும் தோத்துட்டாங்க, நீங்க பாருங்க" என்று ஓர் ஆட்டத்தை மேடம் எனக்குத் தள்ளிவிட்டார். பச்சைப் புள்ளி. பெயர் 'சத்தம் போடாதே'.

மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு வீடு. ஹால், சமையலறை, ஒரு சின்ன அறை. ஒரு சிறுமி. வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்கும். அப்பா உள்ளே வருவார். அவருடைய கோபம் மேலே சிவப்புக் கோடாக ஏறும். கோடு நிறைவதற்குள் சிறுமி தன் அறைக்குள் போய்த் தாழ் போட வேண்டும். சமையலறையில் ஓர் அம்மா. அசையமாட்டாள். தொட்டால் "கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு" என்பாள்.

நான் முதல் தடவையிலேயே ஜெயித்துவிட்டேன்! மேடத்துக்கே ஆச்சரியம். "எப்படிங்க?" என்றார். இதில் என்ன இருக்கிறது? வண்டியைச் சைடு ஸ்டாண்டு போட்டால் மறுபடி டீக்கடைக்குக் கிளம்புவார், அவசரமில்லை. 'டொக்' என்று சென்டர் ஸ்டாண்டு போட்டால் இனி வெளியே போகமாட்டார். அப்போது ரிமோட்டைச் சோபா மேல் எடுத்து வைத்து, செருப்புகளை நேராக்கி, ஃப்ரிட்ஜ் மேலிருக்கும் டம்ளரை இறக்கிவிட வேண்டும். கதவை வேகமாகத் திறந்தால் அது விழுமே. இதெல்லாம் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். மற்ற மூவருக்கும் கவனம் போதாது.

ஆனாலும் திருப்பி அனுப்பினேன். காரணம் எழுதினேன்: "நல்ல முயற்சி. அம்மா பாத்திரம் எதற்கு என்று தெரியவில்லை. எதுவும் செய்யாமல் நிற்கிறது. எடுத்துவிடலாமே."

நவம்பர் 28, வியாழன்

கதவில் இடித்துக்கொண்டேன். இடது தோள். டைப் அடிக்கச் சிரமமாக இருக்கிறது.

நவம்பர் 30, சனி

என் வீட்டுக்காரர் பேக்கரியிலிருந்து தேங்காய் பன் வாங்கி வந்தார். இப்படி ஒரு நாளுக்குப் பிறகு எப்போதும் தேங்காய் பன்தான். மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் அவரை எல்லோரும் "லோகு அண்ணன் மாதிரி தங்கமான மனுசன் உண்டா" என்பார்கள். பொய்யில்லை. அங்கே அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

மகள் மிதுனாவுக்கு ஒரு பன் எடுத்து வைத்தேன். தொடவில்லை. பதிமூன்று வயதில் நான் தேங்காய் பன்னுக்கு உயிரையே விடுவேன்.

"ஏங்கண்ணு, புடிக்கலையா?"

"பசிக்கலம்மா."

பரீட்சை பயமாக இருக்கும்.

டிசம்பர் 3, செவ்வாய்

அந்த ஆட்டம் திரும்பி வந்தது. அம்மா இன்னும் சமையலறையில்தான் நிற்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. எழுதியதைப் படிக்கக்கூடத் தெரியாதா? பிறகுதான் பார்த்தேன், செய்தவர் எங்களுக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தார்:

"அம்மாவ எடுத்துப் பாத்தேன். அம்மா இல்லாட்டி அப்பா நேரா ரூமுக்கு வர்றாரு. அம்மா நிக்கறதாலதான் எனக்கு ஓட நேரம் கெடைக்குது. அதனால எடுக்க முடியாது."

அதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. பிறகு ஆட்டத்துக்குள் போய் வீட்டை மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். ஹால் சுவரில் ஒரு காலண்டர், சாதாரணமாக மாட்டுகிற இடத்துக்குக் கீழே. சிறுமியைக் கொண்டுபோய் அதைத் தொட்டேன். காலண்டர் விலகியது. பின்னால் சுவர் பெயர்ந்து கிடந்தது, ஹெல்மெட் அளவுக்கு.

டிசம்பர் 4, புதன்

தலைவலி என்று லீவு சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 5, வியாழன்

எல்லா வீட்டுக் காலண்டரும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று எழுதலாமென்று உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

அக்டோபரில் பொள்ளாச்சிக் கல்யாணத்துக்கு நான் மட்டும் போனேன். மிதுனாவுக்கு டெஸ்ட் இருந்ததால் அவரோடு விட்டுவிட்டுப் போனேன். மறுநாள் திரும்பி வந்தபோது அவள் முழங்கையில் சிராய்ப்பு. பள்ளியில் விழுந்தேன் என்றாள், நானும் மஞ்சள் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். அடி என்னோடு போகிறது, அவளை அவர் தொடமாட்டார் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இன்று தலை பின்னும்போது கேட்டேன். "கண்ணு, அன்னைக்குக் கை அடிபட்டுச்சே, ஸ்கூல்ல எங்க விழுந்த?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "விழுந்துட்டேன்னு சொன்னனே. நீயும் அப்படித்தான சொல்லுவ."

மீதிப் பின்னலை என்னால் போட முடியவில்லை. அவளே ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

டிசம்பர் 10, செவ்வாய்

மூன்றாவது தடவை வந்தது. ஆட்டத்தின் பெயர் மாறியிருக்கிறது: 'பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு'.

விளையாட எனக்குத் தைரியமில்லை. செய்தவர் ஜெயித்த பதிவை நாங்கள் பார்க்கலாம், அதை மட்டும் ஓடவிட்டேன்.

மதியம். வண்டி வருகிறது. டொக். அப்பா சாப்பிட உட்காருகிறார். சிறுமி சமையலறைக்குப் போய் அம்மாவைத் தொடுகிறாள். "கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு." மறுபடி தொடுகிறாள். அதே பதில். சிறுமி அங்கேயே வெறுமனே நிற்கிறாள். ஒரு குழந்தை எதற்காகவோ காத்திருக்கிறது என்று பார்க்கிற யாருக்கும் தெரியும். பிறகு அப்பா எழுந்து அம்மா பக்கம் வருகிறார். சிறுமி வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து பின்கதவைத் திறக்கிறாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பையை எடுக்கிறாள். சந்து வழியாக ரோட்டுக்கு வந்து, பேக்கரி எதிரே உள்ள பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள். பஸ் வருகிறது. ஏறுகிறாள். 'வெற்றி' என்று வருகிறது.

அந்த பஸ் எங்கே போகும் என்று அவள் கட்டவில்லை. பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் வெறும் கறுப்பாக இருந்தது.

பரீட்சை இருபத்து மூன்றாம் தேதி முடிகிறது.

டிசம்பர் 11, புதன்

அவர் கிளம்பியதும், மிதுனாவும் பள்ளிக்குப் போனதும், தொட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். இருந்தது. போன வருட ஸ்கூல் பை. இரண்டு சுடிதார், ஒரு போர்வை, பிஸ்கட் பாக்கெட்டுகள். துணிகளைச் சுருட்டித் திணித்திருந்தாள். மடிக்கத் தெரியாது அவளுக்கு, இன்னும் நான்தான் மடித்துக் கொடுக்கிறேன். துணி மடிக்கத் தெரியாத குழந்தை எங்கே போவதென்று தெரியாத பஸ்ஸில் ஏறப் போகிறது. அங்கேயே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்ற பயம் அப்போதும் விடவில்லை.

அவளிடம் நேராகப் பேசியிருக்கலாம். இந்த வீட்டில் அப்படி எதையும் வாய்விட்டுப் பேசிப் பழக்கமில்லை. பேசினால் அவர் முகத்துக்கு முன் அவளால் மறைக்க முடியாமல் போகும். என்னாலும்தான்.

துணிகளை ஒவ்வொன்றாக உதறி மடித்தேன். அடியில் என் நீலப் புடவை ஒன்றையும் மடித்து வைத்தேன். பையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 12, வியாழன்

மாலையில் மிதுனா கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்தாள். ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு தோசை கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

டிசம்பர் 13, வெள்ளி

சிவப்பு பட்டனை அழுத்தினேன். அழுத்திவிட்டு, திரும்ப எடுக்க முடியுமா என்று தேடினேன். முடியாது.

சற்று நேரத்தில் மேடம் கூப்பிட்டார். "சுகந்தி, பாத்தேன். நாம குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லியாகணும். முதல்ல இது எந்த ஊர்னு கண்டுபிடிக்கணும். வீட்டைப் பாத்து உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

"தோணுதுங்க மேடம்."

"எங்க?"

"கணபதியில, மேடம். பேக்கரிக்கு எதுத்த சந்து. மூணாவது வீடு."

எங்கள் விலாசம் மேடத்திடம் இருக்கிறது. லேப்டாப் அங்கிருந்துதான் வந்தது.

"சுகந்தி" என்றார். டீச்சர் குரல் போய்விட்டிருந்தது. "நீங்க இப்ப தனியா இருக்கீங்களா?"

அதுவரை யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். அக்காவிடம் ஒரு தடவை ஆரம்பித்து, "ஆம்பளைன்னா அப்படித்தான், அனுசரிச்சுப் போ" என்ற இடத்திலேயே நிறுத்தியிருந்தேன். மேடம் கடைசியில், "ரெண்டு பேரும் என் வீட்டுக்கு வாங்க. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா அங்கதான் முதல்ல தேடுவாரு. என்னை யாருக்கும் தெரியாது. உதவி எண்ணுக்கு நான் பேசறேன், எனக்குத் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தங்களும் இருக்காங்க" என்றார்.

"பரீட்சை முடியட்டுங்க மேடம்" என்றேன். மகள் உயிருக்குப் பயந்து ஓடப் பார்க்கிறாள், எனக்கு அரையாண்டுப் பரீட்சை! ஆனால் அவள் நாள் குறித்திருக்கிறாள். அதற்கு முன் நான் அசைந்தால் அவர் மோப்பம் பிடித்துவிடுவார்.

டிசம்பர் 17, செவ்வாய்

"வெள்ளிக்கெழமை யாரு கூடப் புள்ள அத்தனை நேரம் பேசுன?" சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். போனைப் பார்த்திருக்கிறார்.

"ஆபீஸ்ல மேடமுங்க. வேலையில ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"தப்புப் பண்றதே உனக்கு வேலையாப் போச்சு." சிரித்தார். மிதுனா தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்கும்போதுதான் எனக்கு அதிகமாகப் பயம். சிரிப்பு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது.

டிசம்பர் 20, வெள்ளி

தரை துடைக்கிறேன் என்று வாஷிங் மெஷினை ஒரு சாண் நகர்த்தினேன். பின்கதவுக் கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன். மூன்று தடவை திறந்து மூடினேன். சத்தமில்லை.

டிசம்பர் 21, சனி

இன்று அவர் என் தலையில் கை வைத்து, "காச்சலா? மூஞ்சியே செரியில்ல" என்றார். உண்மையான அக்கறைதான். அதுதான் இத்தனை வருடம் என்னைக் கட்டிப்போட்டது. சிவப்பு பட்டனை அழுத்தியது தப்போ என்று ஒரு மணி நேரம் அழுதேன். பிறகு போய் காலண்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, திரும்ப மாட்டினேன்.

டிசம்பர் 23, திங்கள்

காலை. சைடு ஸ்டாண்டாக இருக்கட்டும் சாமி.

டிசம்பர் 24, செவ்வாய்

நேற்று சைடு ஸ்டாண்டு இல்லை.

மிதுனா பரீட்சை முடிந்து வந்து அறைக்குள் இருந்தாள். நான் வேண்டுமென்றே சாதம் வைக்கத் தாமதித்தேன். வண்டி வந்தது. டொக். என் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன. இந்த ஒரு சத்தத்துக்கு நான் நிற்கிற நிற்பு இருக்கிறதே, அதை என் மகள் ஆட்டத்தில் அப்படியே செய்து வைத்திருக்கிறாள்.

"இன்னும் சோறு வேகலையா?"

"குக்கர் வெச்சுட்டனுங்க. ரெண்டே விசில்." என் குரல் எப்படி வழக்கம்போல வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அவர் டி.வி.யைப் போட்டார். குக்கர் சத்தம் கேட்கிற வரைக்கும் நான் சமையலறையில் இருப்பதாகத்தான் அவர் கணக்கு. மிதுனா ஆட்டத்தில் குக்கரை வைக்க மறந்துவிட்டாள். எனக்கு அது மறக்காது.

முதல் விசில் வந்தது. "என்ன கொழம்பு?" என்றார். "கத்தரிக்காய்ங்க" என்றேன். அதுதான் நான் அவரிடம் கடைசியாகப் பேசியது. போனை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன், டம்ளருக்குப் பக்கத்தில். அது கூட இருந்தால் நான் எங்கே இருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். லேப்டாப் ஏற்கெனவே காய்கறிப் பையில் இருந்தது. பின்கதவு சத்தமில்லாமல் திறந்தது.

தொட்டிக்குப் பின்னால் பை இல்லை. டொக் கேட்டு நான் உறைந்து நின்றபோதே அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. சந்தில் செருப்பில்லாமல் ஓடினேன். ரோட்டுக்கு வந்தபோது ஒரு பஸ் ஸ்டாப்பை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. அதன் பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கத்தினேன். வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் கத்தியதில்லை. பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா, இங்க இருக்கேன்!"

நிழற்குடைக்குள், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பை மேல் என் நீலப் புடவை. வெளியே எடுத்து வைத்திருந்தாள்.

"ஒரு பஸ்ஸ விட்டுட்டேன்" என்றாள். "நீ வருவேன்னு தெரியும். ஆனா தெரியல."

அடுத்த பஸ்ஸில் ஏறி, சிங்காநல்லூரில் திருச்சி பஸ் பிடித்தோம். காங்கேயம் தாண்டும் வரை ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் இருவரும் குனிந்தோம். அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"தமிழ்ல செஞ்சா உங்க நாலு பேருக்குத்தான் வரும்னு தெரியும். அதான் ஸ்கூல் கம்ப்யூட்டர்ல செஞ்சு திரும்பத் திரும்ப அனுப்புனேன். மொதல்ல வேற யாரோ பாத்தாங்க போல. அம்மா எதுவும் செய்யறதில்ல, எடுத்துருன்னு எழுதியிருந்தாங்க. அவங்களுக்கு நம்ம வீடு புரியல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சொல்ல வேண்டும். சொல்வேன். இன்னும் முடியவில்லை.

குக்கர் எத்தனை விசில் விட்டிருக்கும்? அடுப்பை அணைக்கவாவது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

ரெஜினா மேடம் என் தோள் உயரம்கூட இல்லை. குரலை வைத்து நான் கற்பனை செய்திருந்த ஆளில் பாதி. உதவி எண்ணிலிருந்து ஒரு பெண் வந்து மிதுனாவோடு தனியாகப் பேசினார். நாளை வக்கீலோடு போலீஸ் ஸ்டேஷன் போக வேண்டும். என் வீட்டுக்காரர் என் அக்கா வீட்டுக்கு மூன்று தடவை தேடிப் போயிருக்கிறார், தேங்காய் பன்னோடு. இங்கே மாடி வீடு. கீழே வண்டி நின்றால் எட்டிப் பார்த்த பிறகுதான் மூச்சு விடுகிறேன்.

மிதுனா என் லேப்டாப்புக்குப் பக்கத்தில் மேடத்தின் டேப்லெட்டை வைத்துக்கொண்டு என்னவோ கட்டிக்கொண்டிருந்தாள். நாலாவது தடவை. அதே வீடு. இப்போது அம்மாவுக்கும் நடக்க வழி செய்திருக்கிறாள். இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்புக்கு வந்தால்தான் வெற்றி.

"அனுப்ப முடியலம்மா. ரெண்டு பேரையும் நானே ஓட்டுனா தோத்துடறேன். நீ அம்மாவ ஓட்டு."

"எனக்கு வேண்டாங்கண்ணு."

"ஜெயிச்சாத்தான் அனுப்ப முடியும். உனக்கே தெரியும்ல."

உட்கார்ந்தேன். சமையலறையில் அம்மா நிற்கிறாள். வாசலில் வண்டி வருகிறது. டொக். வெறும் ஸ்பீக்கர் சத்தம். மேடம் வீட்டு நாற்காலியில், திருச்சியில், என் விரல் பட்டன் மேல் உறைந்துவிட்டது. சிவப்புக் கோடு ஏறுகிறது. சிறுமி பின்கதவருகே போய்த் திரும்பி நிற்கிறாள், போகாமல்.

"நின்னுராதம்மா" என்றாள் மிதுனா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நட."

நடந்தேன்.